அச்சில் இல்லாத புத்தகம் ஆன்லைனில் விற்பனைக்கு: விற்பவருக்கு அந்த உரிமை இருக்கிறதா?

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் பகுதியில், பழம்பொருள் கடைகளுக்கு நடுவே ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1980-களில் வெளிவந்த ஒரு ரோல்பிளேயிங் கேம் புத்தகம் கண்ணில் படுகிறது. அட்டை கிழிந்திருக்கிறது, ஆனாலும் விலை அதிகம். போனை எடுத்துத் தேடினால், அதே புத்தகம் ஒரு தளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. இன்னொருவர் "ஆர்டர் கொடுத்தால் புதிதாக அச்சடித்து அனுப்புகிறேன்" என்கிறார. ஒரு டெலிகிராம் சேனலிலோ நூறு புத்தகங்கள் ஒரே கட்டாக, ஒரு வேளை சாப்பாட்டு விலைக்கு.

பதிப்பாளர் அந்தப் புத்தகத்தை நிறுத்தி பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் நாலு பேர் விற்கிறார்கள். இதில் யார் முறைப்படி விற்கிறார்கள்?

சுருக்கமான பதில் இதுதான்: அச்சு நின்றுபோனால் உரிமையும் நின்றுபோனதாக அர்த்தம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு பிரதியை விற்க பதிப்புரிமைக்காரரின் அனுமதி தேவையில்லை. புதிதாக ஒரு பிரதியை உருவாக்கி விற்க, அது காகிதமோ ஃபைலோ, அனுமதி வேண்டும். மற்றதெல்லாம் இந்த ஒரு கோட்டை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஏன் இந்தப் புத்தகங்களுக்கு இவ்வளவு கிராக்கி?

நண்பர்கள் சிலர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, ஒரு கதையைச் சேர்ந்து நடத்துவதுதான் ரோல்பிளேயிங் கேம். இதில் புகழ்பெற்றது 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அந்தப் பையன்கள் விளையாடுவது இதைத்தான்.

இந்த விளையாட்டுக்கு போர்டு முக்கியமில்லை, புத்தகம்தான் முக்கியம். விதிகள், வரைபடங்கள், அரக்கர்களின் பட்டியல், கதைக்களம் எல்லாம் அதில்தான். சில வருஷங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும், பழையது அச்சில் இருந்து போய்விடும். பழைய விதிகளில்தான் விளையாடுவேன் என்று அடம்பிடிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கேதான் பழைய புத்தகச் சந்தை தொடங்குகிறது.

நமக்கு இது புதுசு இல்லை. 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்தச் சந்தையின் சுபாவம் நன்றாகவே தெரியும்.

பழைய பிரதியை விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, பிரதிகளைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் உரிமையை உரிமையாளருக்குத் தருகிறது. ஆனால் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளுக்கு அது பொருந்தாது என்றும் சொல்கிறது. ஒருமுறை விற்கப்பட்ட பிரதி, புழக்கத்தில் வந்த பிரதி. அதற்குப் பிறகு அது கை மாறுவதைப் பதிப்பாளர் தடுக்க முடியாது. நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் சட்டப்படி நடப்பது இதனால்தான். ஆன்லைனில் விற்றாலும் இதே கணக்குதான்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ரோல்பிளேயிங் கேம் புத்தகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் அச்சானவை. வெளிநாட்டில் முறைப்படி வாங்கிய பிரதியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து வியாபாரமாக விற்கலாமா என்பதைத் தெளிவாக்க 2010-ஆம் ஆண்டு திருத்த மசோதாவில் ஒரு வாசகம் இருந்தது. 2012-இல் சட்டம் நிறைவேறியபோது அந்த வாசகம் இல்லை. குழப்பம் அப்படியே நிற்கிறது. ஆனால் தன் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் ஒரு பிரதியை இறக்குமதி செய்வதற்குச் சட்டமே விலக்கு தருகிறது. நீங்கள் படிக்க, நீங்கள் வரவழைத்தால் பிரச்சினை இல்லை.

பிடிஎஃப் விற்பவர்?

இங்கே கதை மாறுகிறது. எலக்ட்ரானிக் முறையில் சேமிப்பதும் பிரதி எடுப்பதுதான் என்று அதே 14-ஆவது பிரிவு சொல்கிறது. "நான் காசு கொடுத்து வாங்கின புத்தகம், ஸ்கேன் பண்ணி விற்கிறேன்" என்ற வாதம் எடுபடாது. புத்தகம் உங்களுடையது, பிரதி எடுக்கும் உரிமை உங்களுடையது இல்லை.

சரி, விலை கொடுத்து டவுன்லோட் செய்த ஃபைலை செகண்ட் ஹேண்டாக விற்கலாமா? அமெரிக்காவில் 'ரீடிஜி' வழக்கில் 2018-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது. அது பாட்டு ஃபைல்கள் பற்றிய வழக்கு. 2019-இல் 'டாம் கபினெட்' வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இ-புத்தகங்களுக்கும் அதே முடிவைச் சொன்னது. காகிதத்தை விற்றால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. ஃபைலை விற்றால் அசல் உங்களிடமே இருக்கும். வித்தியாசம் அதுதான்.

முறைப்படி பிடிஎஃப் விற்கும் தளங்களும் இருக்கின்றன. இந்தத் துறையில் பெரியது 2004-இல் தொடங்கிய 'டிரைவ்த்ரூ ஆர்பிஜி'. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உரிமையாளரான 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் தன் பழைய புத்தகங்களை இந்த மாதிரி தளங்கள் வழியாக விற்றுவந்தது. 2009 ஏப்ரலில் ஒரு புதிய புத்தகம் இணையத்தில் கசிந்ததும், 8 பேர் மீது வழக்குப் போட்டுவிட்டு எல்லா பிடிஎஃப் விற்பனையையும் நிறுத்தியது. அந்த நாளுக்குப் பிறகு அந்தப் பழைய புத்தகங்களை பிடிஎஃப் ஆக முறைப்படி விற்பவர் உலகில் யாரும் இல்லை. 2013 ஜனவரியில் நிறுவனம் மனம் மாறி மறுபடியும் விற்பனையைத் திறந்தது.

இதில் வாசகர் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. லைசென்ஸ் என்பது நிரந்தரச் சொத்து இல்லை. நேற்று முறையான விற்பனையாளராக இருந்தவர், இன்று இல்லாமல் போகலாம்.

பதிப்பாளரே விற்றால் சந்தேகம் வேண்டாம்தானே?

அங்கேயும் பார்க்க வேண்டியது இருக்கிறது. ஒரு கேம் புத்தகத்தில் உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கும். எழுதியவர் ஒருவர், படம் வரைந்தவர் வேறொருவர், கதைநிலம் மூன்றாமவருடையது.

உதாரணத்துக்கு, டோல்கீனின் உலகத்தை வைத்து 1984-இல் 'அயர்ன் கிரௌன் என்டர்பிரைசஸ்' வெளியிட்ட 'மிடில்-எர்த் ரோல் பிளேயிங்'. டோல்கீன் கதைகளின் உரிமை வைத்திருந்த நிறுவனம் 1999-இல் அந்த லைசென்ஸை விலக்கிக்கொண்டது. அதன் பிறகு, புத்தகத்தை எழுதி அச்சடித்த நிறுவனமே அதைப் புதிதாக விற்க முடியாத நிலை. அந்தத் தொடரின் பழைய பிரதியை யாரும் விற்கலாம். ஆனால் யாராவது அதை பிடிஎஃப் ஆக விற்கிறார் என்றால், எங்கே இருந்து அனுமதி வந்தது என்று கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொரு உதாரணம் இன்னும் நெருக்கமானது. 1999-இல் 'டிராகன்' பத்திரிகையின் முதல் 250 இதழ்களை ஸ்கேன் செய்து சிடி-ராம் தொகுப்பாக வெளியிட்டார்கள். வெளியிட்டது பத்திரிகையின் உரிமையாளரேதான். ஆனால் அந்தப் பக்கங்களில் வெளிவந்த காமிக்ஸ் மற்றவர்களுடையது. ஒருமுறை பத்திரிகையில் போட வாங்கிய அனுமதி, மறுபடி டிஜிட்டலில் போடவும் செல்லுமா என்ற தகராறு கிளம்பி, கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

2001-இல் நியூயார்க்கில் 'ராண்டம் ஹவுஸ்' பதிப்பகம் 'ரோசெட்டா புக்ஸ்' மீது போட்ட வழக்கிலும் இதே கேள்வி. புத்தக வடிவில் வெளியிடும் உரிமை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதில் இ-புத்தகம் அடங்குமா? அடங்காது என்பதே அன்றைய நீதிமன்றத்தின் பார்வை. இந்தியாவில் 2012 திருத்தம் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஒரு ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொல்லாத வரை, அந்த ஒப்பந்தம் செல்லாது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். 'இரும்புக்கை மாயாவி' தமிழில் வந்தது முத்து காமிக்ஸில். மூலக் கதை பிரிட்டனின் 'ஸ்டீல் க்ளா'. அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் தொகுப்பு பல நிறுவனங்கள் கைமாறி, 2016-இலும் 2018-இலும் இரு கட்டமாக 'ரெபெல்லியன்' நிறுவனத்திடம் வந்தது. மூலத்துக்கு ஒருவர், தமிழ் மொழிபெயர்ப்புக்கு இன்னொருவர் என்று இரண்டு அடுக்கு. பழைய இதழை ஸ்கேன் செய்து 'முழு கலெக்‌ஷன்' என்று பென் டிரைவில் விற்பவர், இரண்டு பேரிடமும் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்?

இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால், கடைசியாக இறந்தவரின் மரணத்தில் இருந்து கணக்கு. கைகாக்ஸ் 2008-இலும் ஆர்னசன் 2009-இலும் மறைந்தார்கள். ஆக, 1974-இன் முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்தியச் சட்டப்படி 2069 முடியும் வரை பதிப்புரிமைக்குள்தான். "ஐம்பது வருஷப் பழசு, யாரும் கேட்க மாட்டாங்க" என்பது சட்டம் இல்லை, வெறும் நம்பிக்கை.

எதிர்முனையில் கொச்சியே நல்ல உதாரணம். தமிழ் அச்சு வரலாற்றின் மிக ஆரம்பகால நூல்களில் ஒன்றான 'கிரிசித்தியானி வணக்கம்' 1579-இல் கொச்சியில்தான் அச்சானது. டச்சுக் காலத்தில் கொச்சியில் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. இவற்றை இன்று யாரும் அச்சடித்து விற்கலாம், ஒரு லைசென்ஸும் வேண்டாம். ஆனால் ஹோர்த்தூஸுக்கு தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2003-இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அந்த மொழிபெயர்ப்புக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. மூலம் பொதுச்சொத்து, மொழிபெயர்ப்பு அப்படி இல்லை. பட்டியலில் 'கிளாசிக் ரீபிரிண்ட்' என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பது எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தமிழுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி இருக்கிறது: நாட்டுடைமை. பாரதியின் எழுத்துகளை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கி, பின்னர் அவை பொதுவுடைமை ஆயின. அதற்குப் பிறகு பல எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குத் தமிழக அரசு தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இத்தனை பதிப்பகங்களில், இத்தனை விலைகளில் கிடைப்பதற்குக் காரணம் அதுதான்.

மட்டாஞ்சேரியில் இன்னொரு லைசென்ஸும் இருக்கிறது

ஜூ டவுன் போன்ற பழம்பொருள் சந்தையில் 'லைசென்ஸ் உள்ள கடை' என்றால் பெரும்பாலும் வேறு அர்த்தம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பொருட்களையும், வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டுப் பழமையான கையெழுத்துப் பிரதிகளையும் தொழிலாக விற்பவர் லைசென்ஸ் வாங்க வேண்டும். பதிவேடும் புகைப்படங்களும் வைத்திருக்க வேண்டும். ஆன்லைனில் விற்பதால் இதில் இருந்து தப்பிக்க வழியில்லை. தனியார் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

ஆக ஹோர்த்தூஸின் அசல் தொகுதி ஒன்று கடைக்கு வந்தால், அதன் உள்ளடக்கத்துக்கு அனுமதி வேண்டாம், அந்தப் பொருளை விற்கத்தான் லைசென்ஸ் வேண்டும். 1980-களின் கேம் புத்தகம் என்றால் நேர் எதிர்: பொருளை விற்க லைசென்ஸ் வேண்டாம், பிரதி எடுக்கத்தான் வேண்டும்.

விற்பனையாளர் பக்கத்தில் தெரியும் ஜிஎஸ்டி எண் இந்த இரண்டிலும் சேராது. வரி கட்டுகிறார் என்பதற்கு அது ஆதாரம், அவ்வளவுதான். 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி சந்தைத் தளங்கள் விற்பனையாளரின் பெயர், முகவரி போன்ற விவரங்களைக் காட்ட வேண்டும். பதிப்புரிமை அனுமதி இருக்கிறதா என்பதை அந்த விவரங்கள் சொல்லாது.

அனுமதி இல்லாமல் விற்றால்?

பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். 2022 மே மாதம் 'நிட் புரோ' வழக்கில் உச்ச நீதிமன்றம், இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்று தீர்ப்பளித்தது. சைடு இன்கமுக்காக பிடிஎஃப் கட்டு விற்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

"டெலிகிராமில் யாருக்குத் தெரியப்போகிறது?" என்பதும் இனி செல்லாது. பயிற்சிப் பாடங்களைத் திருடிப் பகிர்ந்த சேனல்கள் பற்றிய வழக்கில், அவற்றை நடத்தியவர்களின் விவரங்களைத் தரச்சொல்லி 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. சந்தைத் தளங்களுக்கு இடைத்தரகர் என்ற பாதுகாப்பு உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒரு பதிவு உரிமை மீறல் என்று தெரிந்த பிறகும் அதை நீக்காமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு நிற்காது. 2016-இல் மைஸ்பேஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் போட்ட கோடு அது.

பதிப்பாளர் மறுபடி போடவே மாட்டேன் என்றால்?

இங்கேதான் வாசகர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. காசு கொடுக்கத் தயாராக இருக்கிறோம், வாங்க வழி இல்லை என்றால் என்ன செய்வது? சட்டத்தில் கதவுகள் இருக்கின்றன, தட்டுபவர்கள்தான் குறைவு.

ஒன்று, எழுத்தாளருக்கானது. பதிப்பாளரிடம் உரிமையை எழுதிக்கொடுத்து ஒரு வருஷத்துக்குள் அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை, அந்த உரிமை காலாவதி ஆகிவிடும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். தன் பழைய புத்தகம் முடங்கிக் கிடக்கிறதே என்று நினைக்கும் எழுத்தாளர் முதலில் படிக்க வேண்டியது 19-ஆவது பிரிவு.

இரண்டு, மற்ற பதிப்பாளருக்கானது. வெளிவந்த ஒரு படைப்பை மறுபடி வெளியிட உரிமையாளர் மறுத்து, அதனால் மக்களுக்கு அது கிடைக்காமல் போனால், 31-ஆவது பிரிவின் கீழ் கட்டாய லைசென்ஸ் கேட்கலாம். 2012 வரை இந்தியப் படைப்புகளுக்கு மட்டும் இருந்த இந்த வழி, இப்போது எல்லாப் படைப்புகளுக்கும் உண்டு. உரிமையாளர் யார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 31-ஏ பிரிவு. முதலில் நாளிதழில் அறிவிப்பு கொடுத்துவிட்டு, பிறகு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு இவற்றைக் கவனித்த மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால், இப்போது நீதிமன்றப் படி ஏற வேண்டும். சில நூறு பிரதி விற்கும் புத்தகத்துக்காக யார் வக்கீல் வைப்பார் என்ற கேள்வி நியாயமானதே.

மூன்று, நூலகங்களுக்கானது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை, லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன் உபயோகத்துக்காக மூன்று பிரதிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது, ஆனால் அழியாமல் காப்பாற்றலாம்.

நான்கு, விளையாட்டுகளுக்கே உரிய ஒரு வழி. விளையாட்டின் விதி என்ற யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய வாக்கியங்களுக்கும் படங்களுக்கும்தான் உண்டு. யோசனைக்கு உரிமை இல்லை என்பதை 1978-இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளைப் புதிய வாக்கியங்களில், திறந்த உரிமத்தின் துணையோடு எழுதி 2006-இல் வந்ததுதான் 'ஆஸ்ரிக்'. பழைய புத்தகம் கிடைக்காவிட்டாலும் பழைய ஆட்டத்தை ஆட முறையான வழி பிறந்தது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

• பழைய பிரதியா, புதிய பிரதியா? பழைய பிரதி என்றால் அந்தப் பிரதியின் புகைப்படத்தையே கேளுங்கள். அச்சுப் பக்கம், கிழிசல், கறை எல்லாம் தெரிய வேண்டும்.

• பிடிஎஃப் என்றால், உரிமையாளரின் சொந்தத் தளத்தில் இருந்து அந்த விற்பனைப் பக்கத்துக்கு இணைப்பு இருக்கிறதா? இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

• புதிதாக அச்சடித்தது என்றால் யார் பதிப்பாளர், எந்த ஆண்டு, யார் அனுமதி என்ற வரிகள் உள்ளே இருக்கிறதா? பழைய பதிப்பாளரின் பெயர் மட்டும் ஸ்கேனில் அப்படியே இருந்தால் யோசியுங்கள்.

• சினிமா, நாவல், காமிக்ஸ் உலகங்களை வைத்து எழுதிய புத்தகமா? அந்த லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேடுங்கள்.

• நூறு புத்தகம் ஒரே கட்டு, தலைக்கு ஒரு ரூபாய்? நூறு உரிமையாளர்களுக்கு அதில் பங்கு போயிருக்கும் என்று நம்ப முடிகிறதா?

சந்தேகம் தீரவில்லை என்றால் விற்பவரிடமே நேரடியாகக் கேளுங்கள்: "யாரிடம் அனுமதி வாங்கினீங்க?" முறையான விற்பனையாளருக்கு இது சங்கடமான கேள்வியே இல்லை. எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தால்தான், அச்சில் இல்லாத அடுத்த புத்தகத்தை மறுபடி கொண்டுவர ஒரு பதிப்பாளருக்குத் தைரியம் வரும்.